'மறுக்கிறேன்' என்று அழுத்திப் பார்த்தால்: ஒரு கனெக்டட் கார் சேவையின் மதிப்புரை

இது காரைப் பற்றிய மதிப்புரை அன்று. காரோடு சேர்ந்து வரும் இணையச் சேவையைப் பற்றியது. இன்ஜினின் இழுவை, மைலேஜ், சஸ்பென்ஷன், இருக்கைகளின் சொகுசு ஆகியவற்றை அலசி எழுத ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால், புதிய கார்களில் பெரும்பாலானவற்றோடு சேர்த்து நம் தலையில் கட்டப்படும் கனெக்டட் சேவையை, அதுவும் ஒரு தனிப் பொருள்தான் என்ற கண்ணோட்டத்தில் யாரும் அவ்வளவாக எடைபோட்டுப் பார்ப்பதில்லை. நான் பயன்படுத்தும் சேவை, பல நாடுகளில் விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் நடுத்தர அளவுக் காரோடு வந்தது. முதல் சில ஆண்டுகளுக்குக் கட்டணம் இல்லை. பிறகு சந்தா கட்ட வேண்டும். இலவசக் காலம் முடியும் தறுவாயில், சந்தாவைப் புதுப்பிக்கலாமா என்ற கேள்வியோடு இதை அங்கம் அங்கமாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: என் தரவைத் தர மறுத்தால் இந்தச் சேவையில் எது நின்றுபோகிறது, அது நின்றுபோவதற்கு நியாயமான தொழில்நுட்பக் காரணம் உண்டா?

முதலில் இது இயங்கும் விதம். டேஷ்போர்டுக்குப் பின்னாலோ கூரைக்கு அடியிலோ, டெலிமேட்டிக்ஸ் யூனிட் என்று சர்வீஸ் சென்டரில் சொல்லப்படும் ஒரு சிறு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். அதற்கென்று தனி இ-சிம், தனி ஆன்டெனா உண்டு. காரின் வெவ்வேறு கட்டுப்பாட்டுக் கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் 'கேன்' என்ற உள் வலைப்பின்னலோடும் அது இணைந்திருக்கும். எனவே வேகம், பிரேக் அழுத்தம், ஸ்டீயரிங் திரும்பிய கோணம், எந்தக் கதவு திறந்தது, எந்த சீட் பெல்ட் மாட்டப்பட்டது, எந்த இருக்கையில் ஆள் இருக்கிறார் என்பதெல்லாம் அதன் காதில் விழும். இத்தகவல்கள் காருக்குள் ஓடுவதில் புதுமை எதுவும் இல்லை. ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் வேலை செய்ய அவை வேண்டும். அவற்றைத் தொகுத்து, உரிமையாளருக்குத் தெரியாமலேயே நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்ப முடிகிறது என்பதுதான் புதிது. பெட்டிக்குச் சொந்தமாக சிம் இருப்பதால், நம் போனில் செயலியை நீக்கினாலும், போனின் இருப்பிட அனுமதியை முடக்கினாலும் இந்த அனுப்புதல் நிற்காது. செயலியை அழித்துவிட்டதாலேயே கதை முடிந்தது என்று நம்புகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன்.

சேவையின் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வெயிலில் நின்ற காரில் ஏறுவதற்குச் சற்று முன்பே ஏசியைப் போட்டு வைப்பது பழகிவிட்டால் விட முடியாத வசதி. கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகம் வந்தால் படுக்கையில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். பெரிய வாகன நிறுத்துமிடத்தில் கார் நிற்கும் இடத்தை வரைபடத்தில் காட்டுகிறது. டயரில் காற்று குறைந்தால் உடனே சொல்கிறது. விபத்தில் ஏர்பேக் விரிந்தால் உதவி மையத்துக்குத் தானாகவே அழைப்பு போகிறது. நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். குறைகளும் உண்டு. செயலியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் கட்டளை போனிலிருந்து நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து மொபைல் நெட்வொர்க் வழியாகக் காருக்கு வர வேண்டும் என்பதால், காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பூட்டினாலும் சில சமயம் நீண்ட நேரம் ஒரு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. நிலத்தடி நிறுத்துமிடத்தில் சிக்னல் இல்லாவிட்டால் எதுவும் நடப்பதில்லை. ஆயினும் அன்றாடப் பயன்பாட்டில் இது கைகொடுக்கும் சேவைதான்.

சிக்கல் ஒப்புதல் பெறும் விதத்திலேயே தொடங்குகிறது. சாவியை ஒப்படைக்கும் நாளில், ஷோரூம் ஊழியர் நம் போனை வாங்கி, செயலியை இறக்கி, ப்ளூடூத்தை இணைத்து, தொடுதிரையில் அடுத்தடுத்து வந்த பக்கங்கள் எல்லாவற்றிலும் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்திக்கொண்டே போனார். அவரைக் குறை சொல்வதில் பொருள் இல்லை. வரிசையில் அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார், பூமாலையும் புகைப்படமும் பாக்கி. ஆனால், என் இருப்பிடம், என் ஓட்டும் பழக்கம், என் குரல் ஆகியவை குறித்த சட்டபூர்வமான ஒப்புதலை, அவற்றின் ஒரு வரியைக்கூட நான் படிக்காத நிலையில் இன்னொருவரின் விரல் கொடுத்துவிட்டது. சேவையின் விதிமுறைகளை முழுவதுமாகப் படிக்க விரும்பினால், அது திரையில் ஒரு விரல் அகலப் பெட்டிக்குள் உருட்டி உருட்டிப் படிக்க வேண்டிய நீண்ட ஆவணமாக இருக்கிறது. அதற்குள்ளேயே தனியுரிமைக் கொள்கைக்கான இணைப்பு ஒன்று வருகிறது. அந்த இணைப்பைத் தொடுதிரையில் திறக்க முடியாது.

இனி சோதனைக்கு வருகிறேன். தொடுதிரையில் அமைப்புகள், அதற்குள் இணைப்பு, அதற்குள் தனியுரிமை என்று மூன்று அடுக்கு இறங்கினால் ஒரு பட்டியல் கிடைக்கிறது. இருப்பிடத்தை முடக்கினேன். காரைக் கண்டுபிடிக்கும் வசதியும், நேரலைப் போக்குவரத்து நெரிசல் தகவலும் நின்றன. நியாயம்தான், கார் எங்கே என்று தெரியாமல் அவற்றைத் தர முடியாது. ஆனால் தொலைவிலிருந்து ஏசி போடும் வசதியும் கூடவே நின்றது. ஏசியை இயக்க அந்தக் காருக்கு ஒரு கட்டளை போனால் போதும். கார் எந்தத் தெருவில் நிற்கிறது என்று சர்வர் அறிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பலரும் விரும்பும் வசதி எது என்று நிறுவனத்துக்குத் தெரியும், அதை இருப்பிட ஒப்புதலோடு கட்டிவைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். இதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

அடுத்து ஓட்டுநர் மதிப்பெண். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நூற்றுக்கு இத்தனை என்று செயலியில் பச்சை வளையமாகவோ ஆரஞ்சு வளையமாகவோ காட்டும் அம்சம் இது. இதை முடக்கியபோது வளையம் மறைந்ததைத் தவிர வேறு எதையும் நான் இழக்கவில்லை. இழப்பதற்கு எதுவும் இல்லாத ஓர் அம்சத்தை, நிறுவனம் எதற்காகத் தொடக்கத்திலேயே இயக்கி வைத்திருந்தது என்ற கேள்விக்குக் கீழே வருகிறேன். குரல் உதவியாளரை முடக்குவதில் சிக்கல் இல்லை. 'தயாரிப்பு மேம்பாட்டுக்கான தரவு' என்ற வரிக்கு எதிரே மட்டும் பொத்தானே இல்லை. சாம்பல் நிறத்தில் 'இயக்கத்தில் உள்ளது' என்று எழுதியிருக்கிறது, விரல் வைத்தால் அசைவதில்லை. பட்டியலின் கடைசியில், எல்லாத் தரவுத் தொடர்பையும் துண்டிக்கும் ஒரு வழி இருக்கிறது. அதை அழுத்தினால், சாஃப்ட்வேர் அப்டேட்டுகள் வராது, அவசர அழைப்பு இயங்காது, இதனால் ஏற்படும் விளைவுகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்ற எச்சரிக்கை வருகிறது. ஒத்துக்கொண்டால், அதன் பிறகு ஒவ்வொரு முறை காரை ஸ்டார்ட் செய்யும்போதும் தொடர்பை மீண்டும் இயக்கச் சொல்லித் திரை கேட்கிறது. 'இனிக் கேட்காதே' என்ற தேர்வு இல்லை.

என் முதன்மையான புகார் இங்கேதான். அப்டேட்டுகளில் பாதுகாப்புக் கோளாறுகளுக்கான திருத்தங்களும் அடக்கம். அவற்றை எனக்குத் தருவதும், நான் எப்போது எங்கே எப்படி ஓட்டுகிறேன் என்று பெறுவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் ஒரே பொத்தானில் கட்டிவைத்தால், உயிர்ப் பாதுகாப்பைக் காட்டித் தனியுரிமையைப் பிடுங்குவதாகத்தான் ஆகும். இந்தப் போக்கு என் காரை விற்ற நிறுவனத்தோடு நிற்பதில்லை. தரவுச் சேகரிப்பிலிருந்து முற்றிலும் விலகினால் வாகனத்தின் செயல்பாடு குறையலாம், கடும் சேதம் ஏற்படலாம், இயங்காமலும் போகலாம் என்று டெஸ்லா தன் தனியுரிமை அறிவிப்பிலேயே எழுதியிருந்ததை, ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குப் பின்னால் உள்ள மொசில்லா அறக்கட்டளை 2023 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சுட்டிக்காட்டியது.

பிரித்துத் தர முடியாது என்ற வாதம் எடுபடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31-க்குப் பிறகு அனுமதி பெறும் புதிய கார் ரகங்களில் இ-கால் என்ற தானியங்கி அவசர அழைப்பு கட்டாயம். அதற்கான விதி, அந்தக் கருவி வாகனத்தைத் தொடர்ந்து பின்தொடரக் கூடாது என்கிறது. சாதாரண நேரத்தில் அது உறங்கிக் கிடக்கும். விபத்து நேர்ந்தால் மட்டும் விழித்து, இடம், நேரம், சென்ற திசை, வாகன அடையாளம் முதலான ஒரு குறுகிய தகவல் தொகுப்பை அனுப்பும். அதே ஒன்றியத்தின் மற்றொரு விதி, ஓட்டுநரின் தூக்கக் கலக்கத்தைக் கண்டறியும் அமைப்புகள் தரவை வெளியே போகாத மூடிய சுற்றுக்குள்ளேயே பயன்படுத்த வேண்டும், மூன்றாம் தரப்புக்கு எந்நேரத்திலும் தரக் கூடாது, பயன்படுத்திய உடனே அழித்துவிட வேண்டும் என்று சொல்கிறது. உயிர் காக்கும் இரண்டு வசதிகளும் தரவை ஊருக்கெல்லாம் பரப்பாமலேயே வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2020-இல், டெலிமேட்டிக்ஸ் தரவைக் கார் உரிமையாளரும் அவர் தேர்ந்தெடுக்கும் மெக்கானிக்கும் பெறும்படி திறந்துவிட வேண்டும் என்ற சட்டத்துக்கு ஒப்புதல் தந்த பிறகு, சுபாருவும் கியாவும் அங்கு விற்கும் புதிய கார்களில் டெலிமேட்டிக்ஸ் சேவையையே அணைத்துவிட்டன. கார்கள் ஓடாமல் நின்றுவிடவில்லை.

என்னைப் பற்றி என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க, சேவையின் இணையதளத்தில் தரவு நகலுக்கான படிவத்தை நிரப்பினேன். அடையாளச் சான்று கேட்டார்கள். அனுப்பிய பிறகு, காரின் உரிமைச் சான்று கேட்டார்கள். அதன் பிறகு நெடுநாள் மௌனம். நினைவூட்டல் அனுப்பிய பின் கடவுச்சொல் போட்ட ஒரு கோப்பு வந்தது. திறந்தால் வரிசை வரிசையாக ஓர் அட்டவணை. இக்னிஷன் போட்ட நேரம் நொடி சுத்தமாக இருக்கிறது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை இருக்கின்றன. அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம், வாசலில் நிறுத்தினேனா பக்கத்து வீட்டுச் சுவரோரம் நிறுத்தினேனா என்று சொல்லிவிடும் அளவு. ஓடோமீட்டர் அளவு, எரிபொருள் அளவு, வெளி வெப்பநிலை. அதற்கடுத்த பத்திகளில் கதவுகள். ஒரு வரியில், வண்டி நின்ற பின் இடப்பக்கப் பின்கதவு திறந்து மூடியதும், அதன் பிறகு அந்த இருக்கையின் பெல்ட் மாட்டப்பட்டதும் பதிவாகியிருந்தன. பெயர் இல்லை, ஆனால் அந்த இடத்தில், அந்த நேரத்தில், ஓர் ஆளை நான் ஏற்றிக்கொண்டேன் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. ஏறியவர் இந்தச் சேவையின் விதிமுறைகள் எதையும் ஏற்றவர் அல்லர். அப்படி ஒரு சேவை இருப்பதே அவருக்குத் தெரியாது.

இன்னொரு பத்தியின் தலைப்பு 'கடும் பிரேக்'. அதில் ஆம், இல்லை என்பதோடு சரி. முன்னால் போன லாரி திடீரென்று நின்றதா, பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தை ஓடி வந்ததா என்பதற்கு அட்டவணையில் இடம் இல்லை. விபத்தைத் தவிர்க்கச் சரியான நேரத்தில் பிரேக்கை மிதித்தவரும், போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டிக் கடைசி நொடியில் மிதித்தவரும் இங்கே ஒரே வரி. நள்ளிரவுக்குப் பிந்தைய பயணங்களுக்கும் தனிப் பத்தி இருக்கிறது; இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் செவிலியர் ஒருவருக்கு அது எப்படிப்பட்ட மதிப்பெண்ணைத் தரும் என்று எண்ணிப் பார்க்கலாம். இந்தத் தரவு யாருக்கெல்லாம் தரப்பட்டது என்ற என் கேள்விக்கு மட்டும் 'வணிகக் கூட்டாளிகள், சேவை வழங்குநர்கள், சட்டப்படி உரிமையுள்ள அமைப்புகள்' என்று பொதுவாகப் பதில் வந்ததே ஒழிய, ஒரு பெயரும் இல்லை.

பெயர் தெரிய வேண்டியது ஏன் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரமே போதும். 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்திய செய்தி இது. அந்நிறுவனத்தின் ஆன்ஸ்டார் சேவையில் 'ஸ்மார்ட் டிரைவர்' என்ற ஓட்டுநர் மதிப்பெண் அம்சம் இருந்தது. அதன் வழியே திரட்டப்பட்ட விவரங்கள் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் ஆகிய தரவுத் தரகு நிறுவனங்களுக்கு, அதாவது தனிமனிதர் விவரங்களைத் திரட்டி விற்கும் நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து காப்பீட்டு நிறுவனங்களை எட்டின. தன் பிரீமியம் 21 சதவீதம் ஏறியதற்குக் காரணம் தேடிய ஓர் ஓட்டுநர், லெக்சிஸ்நெக்சிஸிடமிருந்து தன்னைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்கினார். 258 பக்கங்கள் வந்தன. ஒவ்வொரு பயணமும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தூரம், வேகமீறல், கடும் பிரேக், திடீர் வேகமெடுப்பு எல்லாம் அதில் இருந்தன. எங்கே போனார் என்பது மட்டும் இல்லை. தாங்கள் இந்த அம்சத்தில் சேர்ந்ததே தெரியாது என்று பலரும் சொன்னார்கள். செய்தி வெளியான சில நாள்களிலேயே நிறுவனம் அந்த இரு தரகர்களோடும் பகிர்வதை நிறுத்தியது. பின்னர் அம்சத்தையே கைவிட்டது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்த நடவடிக்கையில், சில கார்களிலிருந்து மூன்று நொடிக்கு ஒரு முறை என்ற அளவுக்கு இருப்பிடம் பெறப்பட்டதாகக் குற்றம் சாட்டியது. தனிமனிதர்களைப் பற்றி அறிக்கை தயாரித்துத் தரும் நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்கு இருப்பிடத் தரவையும் ஓட்டும் பழக்கத் தரவையும் ஐந்தாண்டுகளுக்குத் தரக் கூடாது என்ற தடையையும் முன்வைத்தது. என் செயலியின் பச்சை வளையத்தை இப்போது வேறு கண்ணால்தான் பார்க்க முடிகிறது.

இப்படி விற்பதில் கொள்ளை லாபமாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்க செனட்டர்கள் ரான் வைடனும் எட்வர்ட் மார்கியும் 2024 ஜூலையில் வெளியிட்ட கடிதத்தின்படி, ஹோண்டா ஏறத்தாழ 97,000 கார்களின் தரவை வெரிஸ்க் நிறுவனத்துக்குத் தந்து பெற்ற தொகை 25,920 டாலர். ஒரு காருக்கு 26 சென்ட். ஹூண்டாய் 17 லட்சம் கார்களின் தரவுக்குச் சுமார் 10.4 லட்சம் டாலர் பெற்றது. ஒரு காருக்கு 61 சென்ட். இந்தச் சில்லறையை வாடிக்கையாளரிடமே கேட்டிருந்தால், இரு மடங்காகத் தந்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

விற்காமல் வெறுமனே சேர்த்து வைத்திருந்தாலும் ஆபத்து குறைவதில்லை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சாஃப்ட்வேர் பிரிவான காரியாட், சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தரவை மேகச் சேமிப்பகத்தில் முறையாகப் பூட்டாமல் வைத்திருந்ததை 2024 டிசம்பரில் ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் இதழும் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர்கள் அமைப்பும் அம்பலப்படுத்தின. அவற்றில் ஏறத்தாழ 4.6 லட்சம் கார்களுக்குத் துல்லியமான இருப்பிடமும் இருந்தது. ஜப்பானில் டொயோட்டாவின் 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வாகனத் தரவு, 2013 நவம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை, ஒரு மேகக் கணினி அமைப்புப் பிழையால் வெளியார் எட்டக்கூடிய நிலையில் கிடந்தது. சுபாருவின் ஊழியர்களுக்கான இணையதளத்தில் இருந்த ஓட்டை வழியே, ஒரு காரின் ஓராண்டு இருப்பிட வரலாற்றையே பார்க்க முடிந்ததை 2025 ஜனவரியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஓட்டை ஒரே நாளில் அடைக்கப்பட்டது, பாராட்டலாம். ஆனால் என் ஓராண்டுப் போக்குவரத்தை நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பார்க்க என்ன தேவை என்ற கேள்வி அடைபடவில்லை. டெஸ்லா கார்களின் கேமராக்களில் பதிவான வாடிக்கையாளர் காட்சிகளை 2019 முதல் 2022 வரை அந்நிறுவன ஊழியர்கள் சிலர் தமக்குள் பகிர்ந்துகொண்டார்கள் என்று 2023 ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் எழுதியது. திருடன் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

நான் மதிப்பிடும் சேவையில் இதற்கு இணையான கசிவு நடந்ததாக எந்த அறிகுறியும் இல்லை. அந்த வகையில் அதன் மேல் பழி போட மாட்டேன். ஆயினும் தனியுரிமைக் கொள்கையில், தரவு எத்தனை காலம் வைத்திருக்கப்படும் என்பதற்கு 'தேவைப்படும் காலம் வரை' என்ற பதில்தான் இருக்கிறது. மொசில்லாவின் ஆய்வு எடுத்துக்கொண்ட 25 கார் பிராண்டுகளும் தனியுரிமைத் தேர்வில் தோற்றன. அவற்றில் 84 சதவீதம் தரவைப் பகிர்வதாகவும், 76 சதவீதம் விற்கக்கூடும் என்றும், 56 சதவீதம் அரசோ சட்ட அமலாக்கத் துறையோ வேண்டுகோள் விடுத்தால் தருவதாகவும் தம் கொள்கைகளில் சொல்லியிருந்தன. எல்லா ஓட்டுநர்களுக்கும் தம் தரவை அழிக்கச் சொல்லும் உரிமை உண்டு என்றவை ரெனோவும் டாசியாவும் மட்டுமே. நிஸ்ஸானின் கொள்கையில் பாலியல் செயல்பாடு பற்றிய தகவலும் சேகரிக்கப்படக்கூடிய வகைகளில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. அதை ஒரு கார் எப்படித்தான் சேகரிக்கும் என்று கேட்டுச் சிரிக்கலாம். ஆனால், வழக்கறிஞர்கள் எழுதிவைக்கும் இத்தகைய வரிகள், பிற்காலத்தில் எதைச் செய்தாலும் வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டார் என்று காட்டுவதற்கான முன்ஜாமீன் என்பதால், சிரித்துவிட்டு விட்டுவிட முடியாது.

செயலியைக் குடும்பத்தினரோடு பகிர்ந்துகொள்ளும் வசதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதன்மைக் கணக்கு யாருடையதோ அவரால், காரை ஓட்டுகிற மற்றவர் எங்கே இருக்கிறார் என்று எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடியும். வேக எல்லையும், வரைபடத்தில் கார் தாண்டக் கூடாத எல்லைக் கோடும் வைத்து, மீறினால் தன் போனுக்கு எச்சரிக்கை வரும்படி செய்ய முடியும். புதிதாக ஓட்டப் பழகிய மகனுக்கோ மகளுக்கோ இது பயன்படலாம். ஆனால் கணவனிடமிருந்து விலகி வந்த மனைவியின் கையில் அந்தக் கார் இருந்தால், கணக்கு கணவன் பெயரில் இருந்தால்? ஓட்டுகிறவரின் திரையில் தான் பார்க்கப்படுகிறோம் என்பதற்கு ஒரு சிறு குறியீடுகூட இந்தச் சேவையில் தோன்றுவதில்லை. கலிபோர்னியா இதற்காகவே 2024-இல் ஒரு சட்டம் இயற்றி, வன்கொடுமைக்கு ஆளானவர் கேட்டால் மற்றவரின் தொலைதூர அணுகலைக் கார் நிறுவனம் துண்டிக்க வேண்டும் என்று ஆக்கியது. என் சேவையின் உதவி மையத்தில் இப்படி ஒரு நிலையை விளக்கி வழி கேட்டபோது, முதன்மைக் கணக்கு வைத்திருப்பவரின் ஓடிபி இல்லாமல் எதுவும் செய்ய இயலாது என்றார்கள். யாரிடமிருந்து தப்பிக்க வேண்டுமோ அவரிடமே ஓடிபி கேட்டு வாங்க வேண்டும் என்பது எவ்வளவு அபத்தம் என்று எதிர்முனையில் பேசியவருக்கும் புரிந்தது. அவர் கையில் இருந்த எழுத்து வடிவ விடையில் வேறு எதுவும் இல்லை.

உதவி மையத்தைப் பற்றி வேறு ஒரு விஷயம் மட்டும். சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் பெட்டி அனுப்புவதை நிறுத்திவிடுமா என்று கேட்டேன். வசதிகள் நிற்கும், ஆனால் 'வாகன நலன் குறித்த தரவு' தொடர்ந்து வரும் என்றார்கள். பணம் கட்டினால் வசதியும் கண்காணிப்பும், கட்டாவிட்டால் கண்காணிப்பு மட்டும். முழுவதும் துண்டிக்க எழுத்துமூலம் கேட்க வேண்டும் என்பதை, நான் துருவிக் கேட்ட பிறகே சொன்னார்கள். கேட்டு எழுதியதும் அதைச் செய்தும் கொடுத்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பெட்டியின் ஃபியூஸைக் கழற்றிவிடுமாறு சிலர் ஆலோசனை சொல்வார்கள். சில கார்களில் அதோடு ஹேண்ட்ஸ்ஃப்ரீ மைக்கும் போய்விடும், அவசர அழைப்பும் போய்விடும், வாரண்டிச் சண்டை தனி. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆக, சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. அவசர அழைப்பையும் பாதுகாப்பு அப்டேட்டுகளையும் மட்டும் தனித் திட்டமாக, இருப்பிட வரலாறு சேமிக்காமல் தந்தால், இப்போது கேட்கும் தொகையில் பாதியைத் தயங்காமல் கட்டுவேன். அப்படி ஒரு திட்டம் இல்லை. இந்தச் சேவையை ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள் செயலியில் ஓட்டுநர் மதிப்பெண்ணை இன்றே முடக்கிவிடலாம். நட்டம் எதுவும் இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள், ஷோரூமில் போனைக் கையை விட்டுக் கொடுக்காமல், ஒப்புதல் பக்கங்களைத் தாங்களே அழுத்துவது நல்லது. எல்லாவற்றையும் மறுத்தாலும் சாவியைத் தரத்தான் செய்வார்கள். தரவு நகலை ஒரு முறையாவது கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐரோப்பாவில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தரவுச் சட்டம், இணையத்தோடு இணைந்த கார் உள்ளிட்ட பொருள்கள் உருவாக்கும் தரவைப் பயனருக்குக் கிடைக்கச் செய்யும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது.

கடைசியாக, காரை விற்கும்போது நடப்பதையும் சோதித்தேன். தொடுதிரையில் 'தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டமை' என்பதை அழுத்தினால், போன் தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், சேமித்த வீட்டு முகவரி எல்லாம் அழிகின்றன. ஆனால் மீட்டமைத்த பிறகும் என் போனின் செயலியில் அந்தக் கார் அப்படியே இருந்தது. எங்கே நிற்கிறது என்று காட்டியது, கதவைத் திறக்கவும் விட்டது. திரையை மீட்டமைப்பதும் கணக்கிலிருந்து காரை நீக்குவதும் தனித்தனி வேலைகள் என்று பயனர் கையேட்டில் எங்கும் இல்லை. நீக்குவதற்கான வழி, செயலியின் உதவிப் பக்கத்தில் கேள்வி பதில்களுக்குக் கீழே 'உரிமையாளர் மாற்றம்' என்ற பெயரில் இருக்கிறது. பழைய கார் வாங்குகிறவர்கள், பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன், விற்பவரின் செயலியிலிருந்து கார் நீங்கிவிட்டதை அவர் போனிலேயே காட்டச் சொல்லுங்கள்.